பிராசசரை மாற்றுவதா, வேண்டாமா: அளந்து பார்த்து எடுத்த முடிவு

விளையாடுவதற்கென்று கணினி வைத்திருப்பவர்கள் சில ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: புதிய விளையாட்டுகள் திணறுகின்றன, பிராசசரை (சிபியு) மாற்றினால் சரியாகிவிடுமா? இதற்கான விடை கணினிக்குக் கணினி மாறும்; ஒரே கணினியில்கூட விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். என் கணினியிலும் என் தம்பியின் கணினியிலும் இருந்தது ஒரே பிராசசர்தான். என்னுடையதை மாற்றுவதென்றும் அவனுடையதை மாற்ற வேண்டாமென்றும் முடிவு செய்தோம். பிராசசர் பழையதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒரு ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று, உருவாக எடுக்கும் நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து பார்த்ததால்தான் இரண்டு முடிவுகளும் தெளிவாக வந்தன. அந்த அளவீட்டைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் இருவரிடமும் இருந்தது ஏஎம்டி ரைசன் 5 3600. 2019 ஜூலையில் வெளிவந்த, 6 கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) 12 திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) கொண்ட பிராசசர் அது. என்னிடம் அதனுடன் பி450 மதர்போர்டும், 3200 வேகத்தில் இயங்கும் 16 ஜிபி டிடிஆர்4 ராமும், ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டும், 2560×1440 ரெசல்யூஷனில் 144 ஹெர்ட்ஸ் வரை செல்லும் மானிட்டரும் இருந்தன. பெரும்பாலான விளையாட்டுகள் நன்றாகவே ஓடின. பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டின் மூன்றாம் பகுதியில் வரும் பெருநகரத்துக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை காடுகளிலும் குகைகளிலும் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே விளையாட்டு, கடைத்தெருவில் நடக்கத் தொடங்கியதும் விட்டு விட்டு நகர்ந்தது.

திரையின் மூலையில் எண்களைக் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை ஓடவிட்டு, ஒரே சேவ் கோப்பிலிருந்து ஒரே தெருவில் நடந்து பார்த்தேன். நகரத்துக்கு வெளியே இருந்தவரை கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றது. நகரவாயிலைத் தாண்டி மக்கள் கூட்டம் கண்ணில் பட்டதும் அது மளமளவென்று இறங்கி 60 சதவீதத்துக்கு அருகில் வந்து நின்றது. எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை, 50-ஐ ஒட்டி ஊசலாடியது. அதே நேரத்தில் பிராசசரின் மொத்தப் பயன்பாடு 45 சதவீதம் என்று காட்டியது. இரண்டுமே முழுமூச்சாக வேலை செய்யவில்லை, ஆனாலும் விளையாட்டு திணறுகிறது என்பதுபோலத் தோன்றும் இந்த நிலைதான் பலரைக் குழப்புகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முதலில் பிராசசர் வேலை செய்கிறது. நம் விசை அழுத்தங்களைப் படிப்பது, கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் எங்கே நகர வேண்டும் என்று கணக்கிடுவது, பொருள்கள் மோதிக்கொள்வதைப் பார்ப்பது, திரையில் எவையெவை தெரியும் என்று பிரித்தெடுப்பது, பிறகு அவற்றை வரையச் சொல்லி கிராபிக்ஸ் கார்டுக்கு ஆணைகளை அனுப்புவது ஆகிய அனைத்தும் பிராசசரின் பொறுப்பு. அந்த ஆணைகளை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. சித்தாள் செங்கல் எடுத்துக் கொடுக்க கொத்தனார் சுவர் எழுப்புவதைப் போன்றது இது. செங்கல் வந்து சேராவிட்டால் எவ்வளவு கைத்திறன் உள்ள கொத்தனாரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இருவரும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த ஃபிரேம்களில் வேலை செய்வதால், இருவரில் யார் கூடுதல் நேரம் எடுக்கிறார்களோ அவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார்.

அதனால் எஃப்பிஎஸ்-ஐ விட மில்லிநொடியில் சிந்திப்பது நல்லது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை முடிக்க 16.7 மில்லிநொடிதான் இருக்கிறது. 144 வேண்டுமென்றால் ஏறக்குறைய 6.9 மில்லிநொடிதான். அந்த நகரத் தெருவில் என் பிராசசர் ஒரு ஃபிரேமுக்கு 19 மில்லிநொடி எடுத்துக்கொண்டது, கிராபிக்ஸ் கார்டு அதே ஃபிரேமை 11 மில்லிநொடியில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பத்தொன்பதில் பதினொன்று என்பது 58 சதவீதம். திரையில் கண்ட எண்ணுக்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது.

பிராசசர் 45 சதவீதம் மட்டும் என்று காட்டியதற்கும் காரணம் உண்டு. அந்த எண் 12 திரெட்களின் சராசரி. விளையாட்டின் முதன்மை வேலை ஒரே திரெட்டில் ஓடி அது முழுவதுமாக நிரம்பியிருந்தாலும், மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதத்தை ஒட்டித்தான் சேரும். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்த்தாலும் உண்மை வெளிப்படும் என்று உறுதியில்லை. விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்தக் கோரும் நூறைத் தொடாமல் எல்லாம் ஓரளவு வேலை செய்வதாகவே வரைபடம் காட்டும். ஆகவே பிராசசரின் சதவீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம்பத்தக்க சாட்சி கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடுதான். அது 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் பிராசசரை மாற்றி அந்த இடத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அது தாழ்ந்து கிடந்தால் வேறொன்று அதைக் காக்கவைக்கிறது.

இதைத் தம்பியின் கணினி அப்படியே தலைகீழாகக் காட்டியது. அவன் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டில், 1920×1080 ரெசல்யூஷனில் சைபர்பங்க் 2077 விளையாடிக்கொண்டிருந்தான். “அண்ணா, டாஸ்க் மேனேஜர்ல சிபியு எண்பது சதவீதம் காட்டுது, அதான் இழுக்குதுன்னு நெனைக்கிறேன், உன்னோடு சேர்த்து எனக்கும் மாத்திடலாமா?” என்று கேட்டான். என் கணினியில் 45 காட்டிய அதே பிராசசர் அவனிடம் 80 காட்டியது என்பது உண்மைதான். அந்த விளையாட்டு தன் வேலையைப் பல திரெட்களுக்கும் நன்றாகப் பிரித்துக் கொடுப்பதால் அப்படி ஏறுகிறது. ஆனால் அவன் கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் அசையாமல் நின்றது. 45 காட்டிய கணினியில் பிராசசர் தடையாக இருந்தது, 80 காட்டிய கணினியில் அது தடையாக இல்லை.

கண்ணால் பார்த்து உறுதிசெய்ய ரெசல்யூஷன் சோதனையைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. திணறும் இடத்தில் நின்றுகொண்டு, மற்ற அமைப்புகள் எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் குறைக்க வேண்டும். ரெசல்யூஷன் குறைந்தால் கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் குறைகின்றன. பிராசசரின் வேலையோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. என் கணினியில் 1440-இலிருந்து 1080-க்கும், அதிலிருந்து 720-க்கும் இறக்கினேன். படம் மங்கிக்கொண்டே போனதே தவிர எஃப்பிஎஸ் 50-ஐ விட்டு நகரவில்லை. தம்பியின் கணினியில் 1080-இலிருந்து 720-க்கு இறக்கியதும் ஐம்பதை ஒட்டியிருந்தது எழுபதைத் தாண்டியது. அவனுக்குப் புதிய பிராசசர் வாங்கித் தந்திருந்தால், அவன் விளையாடும் விளையாட்டில் ஓரிரு ஃபிரேம் கூடியிருக்கும், அவ்வளவுதான். அவன் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்து வைக்கச் சொன்னேன். நிழல், பனிமூட்டம், பிரதிபலிப்பு ஆகிய மூன்றையும் ஒரு படி குறைத்து இப்போதைக்கு விளையாடிக்கொண்டிருக்கிறான்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வசதிகளையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். அவை உள்ளுக்குள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவதால் கிராபிக்ஸ் கார்டின் சுமை மட்டுமே இறங்கும். என் நகரத் தெருவில் டிஎல்எஸ்எஸ்-ஐ இயக்கியபோது எஃப்பிஎஸ் ஏறவில்லை, கார்டின் பயன்பாடுதான் இன்னும் சரிந்தது. அப்ஸ்கேலிங்கை இயக்கியும் வேகம் கூடவில்லை என்றால், அதையே ஒரு சோதனை முடிவாக எடுத்துக்கொள்ளலாம். ஃபிரேம் ஜெனரேஷன் வேறு வகை. அது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றை உருவாக்கி நுழைப்பதால் எண் உயரும், அசைவும் கண்ணுக்கு மென்மையாகும். ஆனால் பிராசசர் அதே வேகத்தில்தான் நம் விசைகளைப் படிக்கிறது என்பதால் கையில் உணரும் தாமதம் குறையாது. அடிப்படை 50 ஃபிரேமாக இருக்கும்போது அதை 100 என்று திரை காட்டினாலும் சுட்டியின் கனம் 50-க்குரியதாகவே இருக்கும்.

அளக்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க் இயக்கத்தில் இருந்தாலோ, விளையாட்டிலோ கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளிலோ ஃபிரேம் வரம்பு வைத்திருந்தாலோ, கிராபிக்ஸ் கார்டு வரம்பைத் தொட்டதும் ஓய்வெடுக்கும். பயன்பாடு 60 சதவீதமாக இறங்கிவிடும். பார்ப்பதற்குப் பிராசசர் தடுப்பதுபோலவே இருக்கும். சோதனைக்கு முன் எல்லா வரம்புகளையும் எடுத்துவிட வேண்டும். இன்டெல் இலவசமாகத் தரும் பிரசன்ட்மான் என்ற மென்பொருளில் 2023 முதல் ‘ஜிபியு பிஸி’ என்ற அளவு இருக்கிறது. ஒரு ஃபிரேமின் மொத்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு உண்மையில் எத்தனை மில்லிநொடி வேலை செய்தது என்று அது சொல்லும். இரண்டு எண்களும் ஒட்டி நின்றால் கார்டுதான் எல்லை. இடையே பெரிய இடைவெளி இருந்தால் கார்டு காத்திருக்கிறது. எந்தப் பிராண்டு கார்டிலும் அது வேலை செய்கிறது. என் 19-உம் 11-உம் அதிலிருந்து எடுத்தவைதான்.

சராசரி எஃப்பிஎஸ் மட்டும் போதாது. சராசரி 70 என்று இருந்தும் நொடிக்கு நொடி தடுக்கி விழும் விளையாட்டுகள் உண்டு. மிகவும் மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் ‘1 சதவீத லோ’ என்ற அளவையும், ஃபிரேம் நேர வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிராசசர் பின்தங்கும் இடங்களில் சராசரியைவிட இந்த அளவுதான் முதலில் சரியும். கண்ணுக்கு உறுத்துவதும் அதுதான். ஆனால் வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு முள்ளுக்கும் பிராசசரைக் காரணம் காட்டிவிட முடியாது. புதிய இடத்துக்குள் முதன்முறை நுழையும்போது மட்டும் தடுக்கி, அதே இடத்துக்கு மறுமுறை வரும்போது தடுக்காமல் இருந்தால், அது ஷேடர்களை (கிராபிக்ஸ் கார்டு வரைவதற்கான சிறு நிரல்கள்) அந்த நேரத்தில் தயார் செய்வதால் வருவது. கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகமான வி-ராம் நிரம்பி வழிந்தாலும் இப்படித் தடுக்கும். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டையும் வேகமான பிராசசர் முழுமையாகக் குணப்படுத்தாது.

தடை பிராசசர் பக்கம்தான் என்று உறுதியான பிறகும் கடைக்குப் போவதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை முடித்துவிட வேண்டும். பிராசசரைப் பெரிதும் பாதிப்பது ராம். டிடிஆர்4 ராமின் பெட்டியில் 3200 என்றோ 3600 என்றோ அச்சிட்டிருந்தாலும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி சுயவிவரத்தை இயக்காதவரை அது பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். பயாஸைப் புதுப்பிக்கும்போது இந்த அமைப்பு சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், ஒருமுறை இயக்கியவர்களும் மறுபடி பார்ப்பது நல்லது. அடுத்தது ராம் எத்தனை சேனலில், அதாவது பிராசசருக்குச் செல்லும் எத்தனை பாதைகளில், ஓடுகிறது என்பது. ஒற்றைக் குச்சியாகப் போட்டிருந்தாலும், இரண்டு குச்சிகளைத் தவறான துளைகளில் செருகியிருந்தாலும் ஒரே சேனலில்தான் ஓடும். நான்கு துளைகள் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள்.

பிராசசரின் வெப்பநிலையையும் பார்த்துவிட வேண்டும். ரைசன் 3600-க்கு வெப்ப எல்லை 95 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது தூசியைத் துடைத்துப் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே புதிய தெர்மல் பேஸ்ட் இடுவதே பாதி மருந்து. பிறகு விளையாட்டுக்குள் இருக்கும் அமைப்புகள். கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தொலைவு வரை பொருள்கள் தெரிய வேண்டும் என்ற அளவு, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் ஆகியவை பிராசசரின் சுமையைக் கூட்டுபவை. ரே டிரேசிங் கிராபிக்ஸ் கார்டின் வேலை மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒளிக்கதிர்கள் மோதவேண்டிய பொருள்களின் கட்டமைப்பை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப்பித்துத் தருவதில் பிராசசருக்கும் கணிசமான பங்கு இருக்கிறது. சைபர்பங்க் விளையாட்டில் கூட்டத்தின் அடர்த்தி கிராபிக்ஸ் பட்டியலில் இல்லாமல் கேம்பிளே பட்டியலில் இருப்பதால் பலருடைய கண்ணில் படுவதில்லை. என் கணினியில் இவற்றையெல்லாம் சரிபார்த்து முடித்தும் அந்தத் தெருவில் 52-ஐத் தாண்ட முடியவில்லை.

இங்கிருந்துதான் முடிவின் முக்கியமான பகுதி தொடங்குகிறது. பிராசசர் தடை என்று தெரிந்ததும் ‘எது மிக வேகமான பிராசசர்’ என்று தேடிப் போவது இயல்பு. நான் முதலில் கேட்டுக்கொண்டது, பிராசசர் எல்லையற்ற வேகத்தில் இருந்தாலும் என் கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஃபிரேம் வரை தரும் என்பதைத்தான். அதற்கு எளிய கணக்கு இருக்கிறது. கார்டு ஒரு ஃபிரேமுக்கு 11 மில்லிநொடி எடுக்கிறது என்றால் ஆயிரத்தைப் பதினொன்றால் வகுக்க, நொடிக்கு 90 ஃபிரேம் வருகிறது. மில்லிநொடி அளவு கிடைக்காதவர்கள் எஃப்பிஎஸ்-ஐக் கார்டின் பயன்பாட்டால் வகுக்கலாம்; 52-ஐ 0.58-ஆல் வகுத்தாலும் அதே 90-தான். சும்மா இருக்கும் கார்டு தன் கடிகார வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வதால் இது தோராயக் கணக்கு என்றாலும், முடிவெடுக்கப் போதுமானது. அதாவது, உலகிலேயே வேகமான பிராசசரைப் போட்டாலும் அந்தத் தெருவில், அந்த அமைப்புகளில், அந்த ரெசல்யூஷனில் என் கணினி 90-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

பிராசசர் மதிப்பாய்வுகளையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மதிப்பாய்வாளர்கள் மிக வலிமையான கிராபிக்ஸ் கார்டை வைத்து, 1080 ரெசல்யூஷனில் சோதிக்கிறார்கள். அது சரியான முறைதான். கிராபிக்ஸ் கார்டு குறுக்கே வராமல் பிராசசரின் உச்சத்தை மட்டும் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை. ஆனால் அந்த அட்டவணையில் காணும் 160 என்ற எண் நம் வீட்டுத் திரையில் வரப்போகும் எண் அன்று. அது அந்தப் பிராசசர் எட்டக்கூடிய உச்சம். நம் கார்டுக்கென்று வேறோர் உச்சம் இருக்கிறது. இரண்டில் எது தாழ்வோ அதுவே நமக்குக் கிடைப்பது. அட்டவணையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது விகிதத்தை மட்டும்தான்: என் பிராசசரோடு ஒப்பிட, நான் விளையாடும் வகை விளையாட்டுகளில் இன்னொரு பிராசசர் எத்தனை மடங்கு வேகம் என்பதை.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. என் மதர்போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டிலேயே (பிராசசர் அமரும் இடம்) பொருந்தும் ரைசன் 5 5600 முதல் வழி. அதே சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 7 5700எக்ஸ்3டி இரண்டாவது. மூன்றாவது, ஏஎம்5 சாக்கெட்டுக்கு மாறுவது. 2022 செப்டம்பரில் வந்த அந்தத் தளம் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்பதால் மதர்போர்டு, ராம், பிராசசர் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். இன்டெல் வைத்திருப்பவர்களுக்கும் இதே வகைக் கேள்விதான் எழும். 10, 11-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1200 சாக்கெட்டிலும், 12 முதல் 14 வரையிலான தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டிலும் அமர்கின்றன என்பதால், தம்மிடம் இருக்கும் போர்டுக்குள்ளேயே எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதை அவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

ஏஎம்4-க்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்குவது தகும். ரைசன் 3600-இல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி இருந்தாலும் அது 16, 16 என்று இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. மூன்று மூன்று கோர்களாக ஒவ்வொரு குழுவும் தன் துண்டை மட்டுமே நேரடியாகப் பயன்படுத்த முடியும். 2020 நவம்பரில் வந்த ஜென் 3 வடிவமைப்பில் இந்தப் பிரிவினை நீங்கியது. 5600-இன் ஆறு கோர்களும் 32 எம்பி முழுவதையும் பகிர்ந்துகொள்கின்றன. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யும் 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி-யும் அதற்கு மேலே இன்னொரு 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தம் 96 எம்பி ஆக்கின. விளையாட்டுகள் ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடுவதில்லை. இந்தப் பாத்திரம் எங்கே, அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று நினைவகத்தின் பல மூலைகளுக்கும் தாவிக்கொண்டே இருக்கின்றன. தேடும் தகவல் எல்3 கேஷில் இருந்தால் பத்து நானோநொடியை ஒட்டிக் கிடைக்கும். ராம் வரை போக வேண்டியிருந்தால் அதைப்போலப் பல மடங்கு நேரமாகும். அதனால்தான் 4.1 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே எட்டும் 5700எக்ஸ்3டி, கடிகார வேகத்தில் தன்னைவிட உயர்ந்த பிராசசர்களைக்கூடக் கூட்டம் நிறைந்த விளையாட்டுகளில் முந்துகிறது. வீடியோ மாற்றம் போன்ற வேலைகளில் இந்தக் கேஷ் அவ்வளவாகப் பயன்படாது. கணினியை முதன்மையாக அதற்குப் பயன்படுத்துபவர்கள் எக்ஸ்3டி பக்கம் போகத் தேவையில்லை.

நான் ஒப்பிட்ட முடிவுகளில், பிராசசர் தடுக்கும் காட்சிகளில் 5600 என்னுடையதைவிடக் கால் மடங்கு அளவும், 5700எக்ஸ்3டி பாதி மடங்குக்கு அருகிலும் கூடுதல் வேகம் தந்தன. என் 52-ஐ வைத்துக் கணக்கிட்டால் முதலாவது 65-ஐயும், இரண்டாவது 80-ஐயும் ஒட்டி வரும். ஏஎம்5 பிராசசர்கள் அதற்கும் மேலே போகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் என் கிராபிக்ஸ் கார்டு 90-இல் நின்றுவிடும். 80-க்கும் 90-க்கும் இடையே உள்ள பத்து ஃபிரேமுக்காக மதர்போர்டையும் ராமையும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து மாற்றும் எண்ணம் இருந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். அப்போது 90 என்ற கூரை உயர்ந்துவிடும், புதிய தளத்தின் வேகத்துக்கும் பயன் கிடைக்கும்.

எனக்கு எவ்வளவு போதும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டேன். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்பதால் எல்லா விளையாட்டும் 144-இல் ஓட வேண்டும் என்பதில்லை. திரையின் புதுப்பிப்பு வேகத்தை ஃபிரேமோடு ஒத்துப்போகச் செய்யும் வசதி மானிட்டரில் இருப்பதால், நிதானமாக ஆடும் கதை விளையாட்டில் நிலையான 75 எனக்கு நிறைவளிக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை முதன்மையாக ஆடுபவர்களின் தேவை இதற்கு நேர்மாறானது. அவர்கள் தரத்தைக் குறைத்து, கிராபிக்ஸ் கார்டின் சுமையை இறக்கி, இருநூறுக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பிராசசர்தான் எல்லை. 4கே ரெசல்யூஷனில் உச்சத் தரத்தில் விளையாடுபவருக்கோ பெரும்பாலும் அது எல்லையே ஆவதில்லை. நகரம் கட்டும் விளையாட்டுகளும் தொழிற்சாலை அமைக்கும் விளையாட்டுகளும் இன்னொரு வகை. நகரம் பெருகப் பெருகப் பிராசசரின் சுமை பெருகிக்கொண்டே போவதால், தொடக்க நிலையில் அளந்த எண்ணை நம்பாமல் நன்றாக வளர்ந்த நகரத்தைத் திறந்துதான் அளக்க வேண்டும்.

5700எக்ஸ்3டி என்று முடிவான பின், மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, என் போர்டின் அதே மாதிரிப் பெயருக்கு எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். பயாஸைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால், பழையதை மறுபடி மாட்டும் வேலை மிஞ்சும். 3600-உடன் பெட்டியில் வரும் சிறிய கூலர் 65 வாட் பிராசசருக்கானது. 105 வாட் எனக் குறிக்கப்பட்ட 5700எக்ஸ்3டி-க்கு அது தாங்காது என்பதால் கோபுர வடிவக் கூலர் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாவிகளைப் பாதுகாத்து வைக்க விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் வசதியை ஏஎம்4 கணினிகளில் பெரும்பாலும் பிராசசருக்குள் இருக்கும் எஃப்டிபிஎம்தான் தருகிறது. பிராசசர் மாறினால் அதில் பதிந்திருந்த சாவிகளும் போய்விடும். வட்டு, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், முதல்முறை இயக்கும்போது மீட்புச் சாவியைக் கேட்டு விண்டோஸ் நின்றுவிடும். சில கணினிகளில் பயனர் தாமாக இயக்காமலேயே இந்த மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட வேண்டும். புதிய பிராசசருடன் இயக்கியதும் எஃப்டிபிஎம்-ஐ மீட்டமைக்கவா என்று கறுப்புத் திரையில் கேட்கும். சாவி கையில் இருந்தால் தயங்காமல் ஆம் என்று சொல்லலாம்.

ஏஎம்4 பிராசசரின் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்வதால், கூலரை நேராக இழுத்தால் நெம்புகோல் மூடியிருக்கும்போதே பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊசிகள் வளைவது அப்படித்தான். சிறிது நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓடவிட்டுக் கணினியைச் சூடாக்கிவிட்டு, அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, திருகுகளை எடுத்த பிறகு கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினேன். பிடி தளர்வது விரலுக்கே தெரிந்தது. அதன் பிறகே மேலே தூக்கினேன். புதிய பிராசசரின் மூலையில் இருக்கும் தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி வைத்ததும் அது தன் எடையிலேயே உள்ளே இறங்கியது. இறங்காவிட்டால் அழுத்தக் கூடாது. எடுத்து ஊசிகளைப் பார்த்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். இயக்கியதும் பயாஸில் எக்ஸ்எம்பி அணைந்திருந்தது. அதை மறுபடி இயக்கிவிட்டுத்தான் விண்டோஸுக்குள் போனேன்.

அதே சேவ் கோப்பைத் திறந்து அதே தெருவில் நடந்தேன். எஃப்பிஎஸ் 80-ஐ ஒட்டி நின்றது, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. கணக்கில் எதிர்பார்த்ததும் திரையில் கண்டதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. சராசரியைவிட 1 சதவீத லோ அளவில் தெரிந்த மாற்றம்தான் விளையாட்டின் உணர்வையே மாற்றியது. முன்பு முப்பதுகளில் விழுந்துகொண்டிருந்தது இப்போது அறுபதுக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. கேமராவைச் சுழற்றும்போது இருந்த இழுவை போய்விட்டது. புதிய பகுதிகளில் முதன்முறை நுழையும்போது வரும் ஷேடர் தடுக்கல் சில விளையாட்டுகளில் இன்னும் இருக்கிறது. சற்றுக் குறுகியிருக்கிறது, மறையவில்லை.

முன்பே கிராபிக்ஸ் கார்டை 98 சதவீதத்தில் வைத்திருந்த விளையாட்டுகளில் எதிர்பார்த்தபடியே எந்த மாற்றமும் இல்லை. காட்டுப் பகுதியில் பழைய பிராசசரில் எடுத்து வைத்திருந்த ஃபிரேம் நேர வரைபடத்தையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணினியில் இப்போது பெரும்பாலான இடங்களில் எல்லை கிராபிக்ஸ் கார்டுதான். அதன் 8 ஜிபி வி-ராம் புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் உச்சத் தரத்துக்குப் போதாமல் போவதையும் கவனிக்கிறேன். அடுத்த மாற்றம் அங்கேதான் இருக்கும். அந்தக் கார்டை வாங்கிய பிறகு இதே தெருவில் மறுபடி அளந்து, அதன் பயன்பாடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏஎம்5-க்கு மாறுவது பற்றி யோசிப்பேன்.